வலச்சுற்று, இடச்சுற்று

சைக்கிள் கடைக்காரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் கைதான் முதலில் பேசும், வாய் அப்புறம்தான். அணைக்குக் கீழே இருக்கும் கடைத்தெரு முழுக்க இது தெரியும். ஒருமுறை வங்கி மேலாளர் ஒருவர் காட்டுப் பாதையில் எதிர்த்திசையில் வந்துவிட்டார். இவள் அவரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, கன்னத்தில் ஒன்று வைத்தாள். கழற்றச் சொன்னது மரியாதைக்காக இல்லை, தன் கை வலிக்கக் கூடாது என்பதற்காக. அந்த மனிதர் இன்றும் அவள் கடையில்தான் டயர் மாற்றுகிறார்.

அந்த அறைக்கு நியாயம் இருந்தது. நீர்த்தேக்கத்தைச் சுற்றி மலைக்காட்டுக்குள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஜல்லிப் பாதை ஓடுகிறது. மரம் ஏற்றும் லாரிகளுக்காக எப்போதோ போட்டது. சாய்ந்து கிடந்த மரங்களை அறுத்து, மழை அரித்த இடங்களில் கல் நிரப்பி, அதை ஜல்லியில் ஓட்டும் கிராவல் சைக்கிள்காரர்களுக்கான வழியாக்கியவள் இவள். முதல் வருடமே ஒரு வளைவில் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதி, ஒருவனுக்கு ஒரு கண் போனது. அன்றைக்கே விதி போட்டாள். ஒரு ஞாயிறு வலச்சுற்று, அடுத்தது இடச்சுற்று. எந்தப் பக்கம் என்று சனிக்கிழமை மதியம் கடை வாசலில் தகரப் பலகை தொங்கும். மழையால் ஓட்டம் நின்றுபோனால் பலகையைத் திருப்ப மாட்டாள். ஓடி முடிக்காத சுற்று கணக்கில் சேராது, அடுத்த வாரமும் அதே பக்கம்தான்.

அடி அவளுக்குப் புதிதில்லை. அப்பா கல்குவாரியில் வெடி வைக்கிறவர். வீட்டில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பார். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஐந்து வயதுத் தம்பி மேல் விழ வேண்டிய பெல்ட்டுக்குக் குறுக்கே போய் நின்றாள். பெல்ட்டின் இரும்பு இடது காதில் இறங்கியது. அந்தக் காது இன்றும் மந்தம்தான். அந்த மனுஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்று, லாரித் தார்ப்பாய் கட்டும் முடிச்சு. இரண்டு சுற்று, கயிற்றை அடியில் விட்டு இழுத்து ஒரு வாங்கு, மிச்ச வாலைத் திருப்பி உள்ளே செருக வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் இறுகும். செருகிய வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். குவாரியில் மற்றவர்கள் யாரும் அப்படிக் கட்டி அவள் பார்த்ததில்லை.

கல்யாணமான மூன்றாம் மாதம் புருஷன் கை ஓங்கினான். அந்தக் கை இறங்குவதற்குள் காற்றடிக்கும் பம்பு அவன் முழங்கையில் இறங்கியது. ஒரு வருடம் பயந்து பயந்து குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு நாள் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிஞ்சிய சொந்தம் தம்பி ஒருவன்தான்.

தம்பி மர லாரி ஓட்டினான். முதல் வருடம் ரம்பத்தோடு வந்து அக்காவுக்குப் பாதை திறந்து கொடுத்ததும் அவன்தான். அப்புறம் சைக்கிள்காரர்கள் பெருகினார்கள், லாரியைக் கண்டால் முறைக்க ஆரம்பித்தார்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் லாரி உரசிக்கொண்டு போனதென்று ஒருவன் பம்பால் அதன் கண்ணாடியை உடைத்தான். தம்பி இறங்கினான். கைகலப்பானது. அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் ஒருத்தன். தம்பியின் முன்பற்கள் இரண்டு ஜல்லியோடு ஜல்லியாகப் போயின.

வாயெல்லாம் ரத்தத்தோடு நேராக அக்கா கடைக்குத்தான் வந்தான். அவள் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "நீ முதல்ல அடிச்சியா?" என்று கேட்டாள்.

அவன் தரையில் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அந்த நொடியே அவளுக்கு உறைத்தது. ஆனால் மன்னிப்பு கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் கிடையாது. தெரிந்ததைச் செய்தாள். அடுத்த ஞாயிறு அந்த நாலு பேரையும் காட்டுக்குள் மறித்து, கண்ணாடியை உடைத்தவனின் மூக்கை உடைத்து, இனி இந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது என்று விரட்டினாள். தம்பியிடம் போய் இதைச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மழை கொட்டி ஓட்டம் நின்றுபோனது. அதற்கு அடுத்த ஞாயிறு காலை முப்பது பேர் கிளம்பினார்கள். இடச்சுற்று. பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எப்போதும் அவள்தான் முன்னால் போவாள். அவள் பின் சக்கரத்தை ஒட்டியே ஒட்டகம் வந்தார். ஒட்டகம் என்பது கணக்கு வாத்தியாருக்கு வைத்த பெயர், கழுத்தைப் பார்த்து வைத்தது. ஐந்து வருடமாக ஒரு ஞாயிறுகூட அவர் தவறியதில்லை.

பாதையில் மூச்சுமுட்டி மேடு என்று ஒரு இடம் உண்டு. வலச்சுற்றில் வந்தால் அது ஏற்றம். எப்பேர்ப்பட்ட வீரனும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாக்குத் தள்ள நடப்பான். இடச்சுற்றில் அதுவே இறக்கம். மரங்கள் இருபுறமும் கோடாக ஓடும் வேகம்.

அந்த வேகத்தில் ஏதோ அவள் ஹெல்மெட்டில் அறைந்தது. தலை பின்னால் போனது, வார் தாடையைக் கிழித்தது, சைக்கிள் அடியிலிருந்து நழுவியது. ஜல்லியில் தோளும் இடுப்பும் தேய்ந்தபடி பத்தடி போய் நின்றாள். அவள் குட்டை. அதனால் ஹெல்மெட்டோடு போயிற்று. ஒட்டகத்துக்குக் கழுத்தில்.

அவள் தவழ்ந்து போனபோது அவர் மல்லாந்து கிடந்தார். சைக்கிளின் முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தொண்டையிலிருந்து ரத்தமும் காற்றும் சேர்ந்து கொப்பளித்தன. அவர் உதடு "அக்கா" என்று அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். பின்னால் வந்தவர்கள் பிரேக் பிடித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். வங்கி மேலாளர் வனத்துறைச் சாவடிக்குப் பறந்தார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் கையை எடுக்கவில்லை.

அவரைத் தூக்கி ஏற்றும்போது எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அவள் மட்டும் மரத்தடிக்குப் போனாள். தார்ப்பாய் கட்டும் கறுப்பு நைலான் கயிறு, பாதைக்குக் குறுக்கே விறைப்பாக நின்றது. முடிச்சைப் பார்த்தாள். இரண்டு சுற்று, அடியில் ஒரு வாங்கு, வால் உள்ளே செருகியிருந்தது.

அந்த வாலைப் பிடித்துவிட்டாள். ஒரு இழுப்பு போதும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு அது யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கக்கூடிய கயிறு. விரலில் ஒட்டியிருந்த ரத்தம் கயிற்றில் பிசுபிசுத்தது. கையை எடுத்தாள். பையிலிருந்து கத்தியை எடுத்து, கயிற்றை நட்டநடுவில் அறுத்து, இரண்டு முடிச்சையும் அப்படியே விட்டாள்.

லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் தம்பி இருந்தான். மதியம். வாளியில் சட்டை அலசிக்கொண்டிருந்தவன் அவள் கையைப் பார்த்து எழுந்தான். முழங்கை வரை காய்ந்த ரத்தம்.

"அக்கா, என்ன இது? யாருக்கு என்ன ஆச்சு?"

முதல் குத்து வாயில் விழுந்தது. அவன் வாளியோடு சாய்ந்தான்.

"ஒட்டகத்துக்குக் கழுத்து அறுந்துடுச்சுடா."

"கழுத்தா? எப்படி அறும்? இன்னிக்கு வலச்சுற்றுதானே. மூச்சுமுட்டி மேட்டுல எல்லாரும் தள்ளிக்கிட்டுதானே வருவீங்க. முன்னாடி நீதான் வருவே. கயித்தைப் பார்ப்பே, முடிச்சைப் பார்ப்பே. நான் நினைச்சா என்ன பண்ணுவேன்னு உனக்குத் தெரியணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"போன வாரம் மழைடா."

அவன் விழித்தான்.

"மழையில ஓட்டம் இல்லை. ஓடாத வாரம் கணக்குல வராது. உனக்குத் தெரியாதா? கூட நின்னு பாதை போட்டவன்தானே நீ?"

புரிந்ததும் அவன் முகம் செத்துப்போனது. அது அவளுக்குப் போதவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தாள். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. மூன்றாவதில் அவன் முன்கை எலும்பு முறிந்த சத்தம் நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. அவன் திருப்பி அடிக்கவில்லை. அவளைப் போல இரண்டு மடங்கு உடம்பு இருந்தும் மூலையில் குந்தி, முழங்காலுக்குள் தலையை விட்டு, முறியாத கையால் பிடரியை மூடிக்கொண்டான். ஐந்து வயதில் பெல்ட்டுக்கு முன்னால் அப்படித்தான் உட்காருவான்.

கம்பி அவள் கையிலிருந்து விழுந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளுக்குத் தன் கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "இப்பவும் கேளு."

"வேணாம்."

"கேளுக்கா."

"நீ முதல்ல அடிச்சியா?"

"ஆமா. அன்னிக்கும் நான்தான். இன்னிக்கும் நான்தான்."

அவள் ஒரு மரச்சட்டத்தை வைத்து அவன் கையைத் துணியால் கட்டினாள். பிறகு இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். கடைத்தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. ஸ்டேஷன் படியில் அவள் நின்றாள்.

"உன் கண்ணாடியை உடைச்சவன் மூக்கை நான் உடைச்சிட்டேன். நாலு பேரையும் துரத்திட்டேன்."

"எப்போ?"

"நீ வந்துட்டுப் போன அடுத்த ஞாயிறே."

உடைந்த கையைவிட அதுதான் அவனுக்கு வலித்திருக்க வேண்டும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா," என்றான்.

அவனே முதலில் படியேறி உள்ளே போனான்.

ஒட்டகம் பிழைத்துக்கொண்டார். குரல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அந்தச் சனிக்கிழமை மதியம், இனி யார் ஓட்டப் போகிறார்கள் என்று தெரு பார்த்துக்கொண்டிருக்க, அவள் பலகையைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினாள். திருப்பவில்லை. அந்தச் சுற்று இன்னும் முடியவில்லை.