இரண்டு விரல் மிச்சம்

ஒன்பது மணி வகுப்புக்கு முன்னால் அவர் உடம்பு முழுக்கச் சொறிந்துகொள்வார். காது, கழுத்து, முழங்கை என்று ஓர் இடம் விடமாட்டார். முதுகில் கை எட்டாத இடத்துக்குக் கதவு நிலை இருக்கிறது. மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் கூச்சம் கிடையாது. "நாற்காலி ஆனப்புறம் அரிச்சா யாரு சொறிவா? நீயா வந்து சொறிவ?" என்று முதல் பெஞ்சைக் கேட்பார். முதல் பெஞ்சு தலையைக் குனிந்துகொள்ளும்.

ஓர் ஆளை ஒழுங்காக நாற்காலியாக மாற்றினால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்த மாதிரி இருக்கும். முதலாண்டு மாணவர்கள் ஒழுங்காக மாற்றுவதில்லை. நாற்காலிக்குள் அவர் அரைத் தூக்கத்தில் கிடப்பார். மூக்கு அரிக்கும், ஆனால் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதுதான் இந்த வேலையிலேயே பெரிய தொந்தரவு என்கிறார்.

மந்திரப் பள்ளியின் இரண்டாவது மாடியில், உருமாற்றக் கூடத்தில் அவருக்கு வேலை. நியமன உத்தரவில் 'பயிற்சி உதவியாளர்' என்று போட்டிருக்கிறது. மாணவர்கள் 'நாற்காலி அண்ணன்' என்கிறார்கள். மாணவர் அவர் தோளில் கையை வைத்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொன்னால், அவர் நாற்காலியாகவோ ஸ்டூலாகவோ பெஞ்சாகவோ மாற வேண்டும். பிறகு அதே கை அவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவருக்கு மந்திரம் துளியும் வராது. அடுப்பைக்கூடத் தீக்குச்சி உரசித்தான் பற்றவைப்பார்.

சொறிந்து முடித்ததும் சட்டைப்பையைக் காலி செய்வார். ஒரு முறை பையில் சீப்பு இருந்ததை மறந்துவிட்டார். அன்றைக்கு வந்த நாற்காலியின் முதுகு முழுக்கப் பல். "உக்காந்து பாக்க வாத்தியாருக்கே தைரியம் வரல," என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

திரும்பி வந்ததும் முதல் வேலை, மாற்றிய ஆளுக்குத் தீர்ப்புச் சொல்வது. "கால் நாலும் நல்லா வந்துச்சு. முதுகுல கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணிட்ட." "நீ நல்ல பிள்ளைதான். ஆனா உன் நாற்காலியில என் மாமியாரைத்தான் உக்கார வைக்கணும்." பள்ளி வாசலில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. உலகத்தை இருளிலிருந்து காப்பாற்றிய பழைய மாணவர் அவர். பார்க்க வருகிறவர்கள் படத்துக்கு முன்னால் நின்று கும்பிடாத குறை. அவரைப் பற்றி நாற்காலி அண்ணனைக் கேட்டால் மூன்றே வார்த்தைதான் வரும். "அவனா? மூணு காலு."

நாற்காலி அண்ணனின் மனைவிக்கும் இதே பள்ளியில்தான் வேலை, கீழ் மாடியில், விலங்குப் பிரிவில். அந்த அம்மாளைப் 'பூனை அக்கா' என்பார்கள். வீட்டில் யார் வேலை கஷ்டம் என்ற வழக்கு பதினெட்டு வருஷமாக நடக்கிறது. "நாள் முழுக்க நின்னுட்டு வர்றேன், நாலு காலுல," என்று அவர் ஆரம்பிப்பார். "நீங்க சும்மா நின்னீங்க. நான் ஜன்னல்ல ஏறி, அலமாரியில ஏறி, ஒரு எலியைப் பாத்துட்டு மனசைக் கட்டுப்படுத்திட்டு வந்திருக்கேன்," என்பாள் அவள். இவர்கள் மகன் பக்கத்துத் தெருப் பள்ளியில் சாதாரணப் பாடம்தான் படிக்கிறான். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், "மரச்சாமான் துறை," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

இந்த வேலையில் 'மிச்சம்' என்று ஒரு சொல் புழங்குகிறது. திரும்பி வரும்போது, மாறியிருந்த பொருளின் குணம் கொஞ்சம் உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அது மிச்சம். சின்ன மிச்சம் எல்லோருக்கும் வரும், குளித்தால் போய்விடும். பெரிய மிச்சத்தை வைத்த கைதான் எடுக்க முடியும், அதுவும் பத்து நாளுக்குள். அதற்குமேல் ஊறிவிடும். அதனால் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மாற்றப்பட்டவர் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் கடைசிக் கேள்வி, 'மிச்சம் ஏதும் உண்டா?'

இருபத்திரண்டு வருஷமாக அவர் அதற்கு ஒரே பதில்தான் எழுதினார். ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்த கையோடு பேனாவைக் கேட்பார், எழுதுவார், நீட்டுவார். மாணவர் முகம் மலரும். இதனால் அவரிடம் தேர்வு எழுத அடிதடி நடக்கும். தனக்குக் கைராசி என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். "கைராசி இல்லங்க, அது பொய்ராசி," என்பாள் பூனை அக்கா. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் கையெழுத்தால் ஒரு பிள்ளை வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு போகிறதே என்பது அவர் கணக்கு.

இந்த வருஷ இறுதித் தேர்வில் அவருக்கு வந்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் அவளுக்கு வேலை காத்திருந்தது. அங்கே கட்டு மாற்றும் நேரத்தில் காயத்தை மட்டும் விட்டுவிட்டு ஆளை மரமாக்கி வைப்பார்கள். உள்ளே இருப்பவர் வலி தெரியாமல் தூங்குவார். கட்டு முடிந்ததும் திருப்புவார்கள். தேர்ச்சிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அவள் அவரை ஒரு நீளப் பெஞ்சாக்கினாள். அருமையான பெஞ்சு என்று தேர்வாளரே தடவிப் பார்த்துச் சொன்னார். அவர் திரும்பி வந்தார், பேனாவைக் கேட்டார், ஒன்றுமில்லை என்று எழுதினார்.

மறுநாள் காலை டீக்குக் காத்திருந்தபோது மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து பூனை அக்கா வந்து வாசற்கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மூடிவிட்டு உள்ளே போனாள். மறுபடி தாளம். மறுபடி வந்து திறந்தாள்.

"யாரோ தட்டிட்டு ஓடுறாங்க," என்றாள்.

"நான்தான்டி. தாளம் போடுறேன்."

"விரல்லயா?"

அவள் அவர் இடது கையைப் பிடித்து மேசைமேல் தட்டிப் பார்த்தாள். சுண்டு விரலும் மோதிர விரலும் டக், டக் என்றன. தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்து வந்து குத்தினாள். ஊசி நட்டுக்கொண்டு நின்றது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பரவாயில்ல, ஆணி அடிக்க ஆவும்," என்றார்.

"அறிக்கை குடுத்தாச்சா?"

"அப்பவே."

"என்ன எழுதுனீங்கன்னு கேக்க வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அன்றைக்கு அவர் டீயைக் குடிக்கவில்லை. ஊசி நின்ற விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலாக இருந்ததால் தாளம் போட்டார், தெரிந்தது. நுரையீரலில் ஒரு துண்டு இப்படி நின்றிருந்தால் யார் தட்டிப் பார்த்திருப்பார்கள்? அந்தப் பெண் அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள்.

பள்ளி அலுவலகத்துக்குப் போய் அறிக்கையைத் திருப்பிக் கேட்டார். குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பைலுக்குப் போனது போனதுதாண்ணே. எதுக்கு?"

"திருத்தணும்."

"என்னன்னு?"

"மிச்சம் இருக்குன்னு."

குமாஸ்தா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதை மாத்துனா, முன்னாடி எழுதுனதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. பொண்ணுக்கும் வேலை போவும், உங்களுக்கும் போவும். ரெண்டு விரல்தானே? அதுவும் இடது கை."

"நீ குடுப்பா," என்றார் அவர்.

குமாஸ்தா சொன்ன கேள்வி வந்தே விட்டது. முதல்வர் அம்மா இருபத்திரண்டு வருஷத்து அறிக்கைகளையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். "இதுல எத்தனை நிஜம்?" அவர் நேர்மையாக யோசித்தார். "பாதிக்கு மேல இருக்கும்மா." முதல்வர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று சொல்வது கடினம். இன்னும் ஒரே ஓர் அறிக்கை தப்பாக வந்தாலும் வேலை கிடையாது என்று எழுத்தில் கொடுத்து அனுப்பினார். மாணவிக்கு மறுதேர்வு வெள்ளிக்கிழமை, பத்தாவது நாள். அதிலும் மிச்சம் வைத்தால் ஒரு வருஷம் போகும். ஆஸ்பத்திரி வேலை வேறு ஆளுக்குப் போகும்.

ஒட்டடைக்குச்சிக்கு விஷயத்தைச் சொல்ல அவரே போனார். அவள் மாணவர் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் அந்த இரண்டு விரல்களையும் நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"திருப்பும்போது யாரோ கதவைத் திறந்தாங்க. ஒரு செகண்ட் அங்க பாத்துட்டேன்," என்றாள். "அப்பவே சந்தேகமா இருந்துச்சு. நீங்க ஒன்றுமில்லைன்னு எழுதுனதும் நிம்மதியாயிட்டேன்."

"எழுதுனது என் தப்பு. நான் பாக்காமலே எழுதுறவன்."

"அப்படியே விட்டிருக்கலாமேண்ணே. நீங்க யாரையும் ஃபெயில் ஆக்குனதே இல்லையே." அவள் குரலில் கோபம் இருந்தது. "என்னை மட்டும் ஏன்?"

அவருக்குப் பேசி ஜெயிக்கத் தெரியாது. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "எனக்குப் பேனா குடுக்குறாங்க, நான் எழுதுறேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனுக்கு யாரும்மா பேனா குடுப்பா?"

அவள் அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில், "வெள்ளிக்கிழமை வேற யாரையாவது உக்காரச் சொல்லுங்க. எனக்குக் கை வராது," என்றாள்.

"வேற யாரும் உக்காந்தா என் விரல் எப்படி வரும்? நீ வச்சது. நீதான் எடுக்கணும். எனக்கென்ன, உன் மேல ஆசையா?"

அழுதுகொண்டிருந்தவளுக்கு அதில் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில்தான் பெரிய சண்டை. "ரெண்டு விரல் போச்சு. மீதி எட்டையும் குடுத்துட்டு வர்றதா உத்தேசமா?" என்றாள் பூனை அக்கா. பயந்த கை பட்டால் மிச்சம் முழங்கை வரைக்கும் ஏறலாம், தோள் வரைக்கும்கூட ஏறலாம் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வியாழக்கிழமை அவர் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார், பாதி பேச்சு நாற்காலிகளைப் பற்றி. வெள்ளிக்கிழமை காலை அவள் விலங்குப் பிரிவில் விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினாள். தேர்வுக் கூடத்தின் மூலையில், யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டாள்.

மாணவி அவர் தோளில் கையை வைத்தாள். கை சில்லிட்டிருந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். தலையாட்டினாள். "பொய் சொல்ற. சரி, ஆரம்பி," என்றார். அடுத்த நிமிஷம் அங்கே ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. முன்பு வந்ததைவிடச் சுமார்தான். ஒரு கோடியில் மரம் கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது. தேர்வாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

திருப்புவதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் மற்றவர்களைவிட மூன்று மடங்கு. வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள், எங்கோ மணி அடித்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியபோதும் துடைக்கவில்லை. பெஞ்சின் சொரசொரத்த கோடிதான் கடைசியாக மனித உடம்பானது. அவர் கண்ணைத் திறந்து, "தூங்கிட்டேன் போல," என்றார்.

தேர்வாளர் அறிக்கைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். அவர் வாங்கித் தரையில் வைத்துவிட்டு, இடது கைச் சுண்டு விரலை வாயில் வைத்துக் கடித்தார். "ஸ்ஸ்," என்று கையை உதறினார். மூலையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. மோதிர விரலைக் கடித்தார். அதற்கும் உதறினார். மாணவியின் முகம் மலரத் தொடங்கியது. தேர்வாளர் கையெழுத்து இடத்தைக் காட்டினார்.

அவர் கவனிக்கவில்லை. நடு விரலைக் கடித்தார், ஆள்காட்டி விரலைக் கடித்தார், கட்டை விரலைக் கடித்தார். வலது கைக்குப் போய் ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கடித்தார். காது மடலைக் கிள்ளினார். மூக்கைத் திருகினார். தொண்டையைச் செருமிப் பார்த்தார். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருங்க சார்," என்றார் நாற்காலி அண்ணன். குனிந்து, வலது கால் ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.