கறுப்பு, வெள்ளை, பச்சையில் ஒரு கல்லறைச் சரிவு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிற ஆள் நான். இப்போது நீங்கள் சிரிக்கிறீர்களே, அப்படித்தான் நானும் சிரித்திருக்கிறேன், ஆனால் இது என் கண்ணால் கண்டது, நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

ஐம்பதுகளில் போடியில் ஏலக்காய்க் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்லம் குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் காய் பறிக்கப் போனவள், மழைக்காலக் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டாள். ஓடையில் வெள்ளம், நான் ஏறிப்போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை, பாவி நான். கங்காணி தூரத்தில் நின்று கை காட்டிய மேட்டில் விழுந்து அழுதேன். இரண்டு வருடம் கல்லறைத் திருநாளுக்கு அந்த மேட்டுக்குத்தான் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினேன்.

மூன்றாம் வருடம், அந்த இடத்தை வரைந்து வீட்டில் மாட்டினால் தினமும் அவளோடு இருக்கலாமே என்று ஒரு பலகையும், கடை வேலையில் மிஞ்சிய கறுப்பு, வெள்ளை, பச்சை பெயிண்டும் தூக்கிக்கொண்டு ஏறினேன். இருபது முப்பது மேடு கிடந்தது, எல்லாம் எதற்கு, சரிவு, ஒரு மரம், அவள் மேட்டோடு சேர்த்து நாலு மேடு போதும் என்று மற்றதை விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்போம், சில்லறை எல்லாம் மறைந்து பெரிய உருவம் மட்டும் நிற்கும். அப்படிப் பார்க்கிறேன், பட்டப்பகல் ஐயா, நான் வரையாமல் விட்ட ஒரு மேட்டின்மேல் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கண்ணைத் திறந்தால் வெறும் மண். பாதி மூடினால் சிவப்பு. செல்லத்தின் சுங்குடிச் சேலை அது, எனக்குத் தெரியாதா! முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏ புள்ள, திரும்பு. ஒரே ஒரு தடவ மொகத்தக் காட்டு" என்று கதறினேன். தலை மெல்லத் திரும்பியது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கப்போய்க் கண் முழுசாகத் திறந்துவிட்டது. அவ்வளவுதான், அப்புறம் எத்தனை தடவை மூடிப் பார்த்தும் மண்தான்.

சத்தம் கேட்டு எஸ்டேட் காவல்காரர் ஓடிவந்தார். அன்றைக்கு மழையில் குழி வெட்டியவரே அவர்தானாம், அதுவரை எனக்குத் தெரியாது. நான் பூ வைத்திருந்த மேட்டைப் பார்த்துவிட்டு, "அத யாரு அப்பு ஒனக்குக் காட்டுனது? அது வேற யாரோ ஆம்பள குழியாச்சே! ஒம் பொண்டாட்டிய இங்கனதான் வச்சோம்" என்று, சிவப்புத் தெரிந்த அந்த மேட்டிலே கையை வைத்தார்.

அங்கேயே உட்கார்ந்து அந்த மேட்டையும் படத்தில் வரைந்தேன், அதே டப்பா, அதே பிரஷ். மற்றதெல்லாம் நாலே நாளில் காய்ந்துவிட்டது. அந்த ஒரு மேடு மட்டும் இத்தனை வருடமாகியும் காயவில்லை, விரல் வைத்தால் ஈரமாக ஒட்டுகிறது. தினமும் ஒரு தடவை தொடாமல் என்னால் இருக்க முடியவில்லை.