ஆறு புள்ளி நாலு

ரங்கநாதன் தெருவில் உள்பாவாடையும் ரவிக்கைத் துணியும் விற்கும் சின்னக் கடை தங்கபுஷ்பத்தினுடையது. வயது அறுபத்தாறு. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. டயாலிசிஸில் மூன்று வருடம் கிடந்து கணவர் இறந்தபின், கடை அவள் பொறுப்பில்தான். இரண்டு வருடம் முன்பு ஒரு ரத்தப் பரிசோதனையில் அவளுக்கும் சிறுநீரகம் பழுதென்று வந்தது. மகள் மதுமதியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மெஷினில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

இந்த ஆடித் தள்ளுபடி சமயத்தில் மூச்சு வாங்கியது. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கடைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். ரத்தக் குறைவாக இருக்கும் என்று தானாகவே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போட்டாள்; பேரீச்சம்பழம் தின்றாள். சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம்.

"மெரூன் கலர் மேல கெடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று மாடிப்படி ஏறியவள் திரும்பவில்லை.

கல்லாவில் இருந்த மதுமதி ஓடினாள். பாதிப் படியில் சுவரைப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். உதட்டில் ரத்தமே இல்லை.

"ஏட்டி, கண்ணு இருட்டுது. நெஞ்சு படபடங்குது."

"அசையாதீங்கம்மா, ஆட்டோ பிடிக்கேன்."

"கிட்னி டாக்டர்ட்ட மட்டும் வேண்டாம்."

"கிட்னியா? எதை மறைச்சிய?"

தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறு புள்ளி நாலு. டாக்டர் ராமானுஜம் கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மதுமதி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"ரத்தம் ஊற வைக்கிற ஹார்மோன் கிட்னியிலதாம்மா சுரக்கும். அது குறைஞ்சுபோனா வெறும் மாத்திரை எப்படிப் போதும்?"

"டயாலிசிஸா?" தங்கபுஷ்பம் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப வேண்டாம். அப்பவே வந்திருந்தா கிட்னியை இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்."

அன்றே ரத்தம் ஏற்றினார்கள். பிறகு நரம்பு வழியாக இரும்புச்சத்து, வாரம் ஒரு ஹார்மோன் ஊசி. மதுமதி நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள், "அப்பாவத்தான் பறிகொடுத்தோம், நீங்களுமா?" என்று அழுதாள்.

மூன்று மாதத்தில் ஒன்பது புள்ளி எட்டுக்கு வந்தது. கடைக்கு நிற்காமல் நடந்தாள். சிறுநீரகம் மட்டும் பழையபடி ஆகாது. அந்த ஊசி பிரஷரை ஏற்றக்கூடியது; ஏற்கெனவே ஏறியிருந்தால் தள்ளிப்போட்டுவிடுவார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் பிரஷர் பார்க்க நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றும்போது, அம்மாவும் மகளும் மூச்சுவிடாமல் மெஷினில் ஏறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.