முழுசாக விட்டுவைத்த சிலிண்டர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. தண்டையார்பேட்டைச் சந்தில் லாரி திரும்புகிற மாதிரி, முன்னே பின்னே போய்த்தான் கோட்டில் ஏறும். படித்தது ஐந்தாம் வகுப்பு. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே ஆள்தான். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறார். மகள் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். அதற்குப் பிறகும் தப்பு இருந்தால் அது அவள் கல்லூரியைச் சேரும்.

கல்லூரியில்தான் இது ஆரம்பித்தது. மணலி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி. மகளைச் சேர்க்க மூன்று பேரும் போனோம். அவளும் அவள் அம்மாவும் அலுவலகத்துக்குள் போக, நான் வெளியே நின்றுகொண்டேன். டை கட்டியவர்களைக் கண்டால் என் நாக்கு தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்டுக்குப் பக்கத்துப் புல்தரையில் பட்டாளத்து விமானம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கிழட்டு விமானம், புதுசாக வெள்ளி பெயிண்ட். பிள்ளைகள் அதன் மூக்கைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மூக்கைப் பார்த்தால் நான் காலைப் பார்ப்பேன். பழைய பழக்கம். குனிந்து சக்கரத்துக்கு மேலே பார்த்தேன். சக்கரத்தை ஏற்றி இறக்கும் சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் மொட்டைமாடித் தொட்டிக்குப் போகிற அதே இரண்டு அங்குல ஜி.ஐ. பைப். இரண்டு முனையிலும் வெல்டு வைத்து, மேலே வெள்ளி அடித்திருந்தார்கள்.

"யோவ் பெர்சு, அடியில பூந்து இன்னா தேடினு கீற? போர்டு பாக்கல?" என்றார் வாட்ச்மேன்.

போர்டில் 'தொடாதீர்கள்' என்று இருந்தது. பைப்பை யார் தொடப்போகிறார்கள்? ஆனால் நான் வாயைத் திறக்காமல் நகர்ந்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு காலத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஒன்றை நான் அறுத்திருக்கிறேன்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆன சமயம். தண்டையார்பேட்டையில் காதர் பாயின் காயலான் கடையில் கேஸ் கட்டர் பிடிக்கிற வேலை எனக்கு. துறைமுகத்துச் சங்கிலி, உடைந்த கிரேன், பஸ் சட்டம் என்று எதுவும் வரும். அந்த வருஷம் ஏலத்தில் இரண்டு பட்டாளத்து விமானங்கள் வந்தன. இறக்கை தனி, வயிறு தனி என்று லாரியில் வந்ததால், விமானம் என்று தெருவில் ஒருவரும் நம்பவில்லை. ஏலத்தில் ஒரு நிபந்தனை: எதையும் முழுசாக விற்கக் கூடாது, எல்லாவற்றையும் உருத்தெரியாமல் வெட்ட வேண்டும்.

முதல் நாள் நான் அலுமினியத்தில் கேஸ் வைத்து அவமானப்பட்டேன். இரும்பு சிவந்து, நேரம் கொடுத்து, மரியாதையாக அறுபடும். அலுமினியம் சிவக்கவே சிவக்காது. பொத்தென்று காலடியில் ஒழுகிவிடும். "மாமு பாயசம் காச்சறாரு, டம்ளர் எடுத்தாங்கடா" என்றான் டில்லி. என்னோடு வேலை செய்தவன். வாய்க்குப் பூட்டே கிடையாது. சிலிண்டர்களிலிருந்து நன்னாரி சர்பத் நிறத்தில் ஒரு எண்ணெய் வழியும். அதைப் பாட்டிலில் பிடித்து, பட்டாளத்துத் தைலம் என்று முழங்காலில் தேய்த்துக்கொண்டான். வலி போகவில்லை. வாசனையும் ஆறு மாதம் போகவில்லை. அவன் ஏறினால் திருவொற்றியூர் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகிவிடும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த லோடு வந்தாலும் ஒரே ஒரு சாமானை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்போம். எல்லாவற்றையும் வெட்டித் தீர்த்தால் அடுத்த லோடு வராது என்பது நம்பிக்கை. அந்தச் சாமானுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வாசல் பக்கத்துச் செங்கல் மேடையில் உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை நாங்கள் பொட்டு வைப்போம், பாய் சாம்பிராணி காட்டுவார். அடுத்த லோடு வந்த அன்று பழைய மாப்பிள்ளையை வெட்டிவிட்டுப் புது மாப்பிள்ளையை ஏற்றுவோம். அந்த முறை மாப்பிள்ளை, விமானத்தின் சக்கர சிலிண்டர். முழங்கை நீளம், நல்ல கனம், கழுத்தில் நம்பர்.

இனி வருவது என் தப்பு. ஒரு மழை நாளில் கடப்பாரை வளைந்துவிட்டது. நிமிர்த்த, இரும்பை வைத்து அடிக்கிற பட்டடை வேண்டும். எங்கள் பட்டடை தண்ணீருக்குள் கிடந்தது. மேடையில் மாப்பிள்ளை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்று, அவர் முதுகில் கடப்பாரையை வைத்து, கேஸால் பழுக்கக் காய்ச்சி, நாலு போடு போட்டேன். கடப்பாரை நிமிர்ந்தது. மாப்பிள்ளையின் நடு முதுகு மயில் கழுத்து நிறத்துக்கு வந்துவிட்டது. சூடு குடித்த இரும்பு அப்படித்தான் நீலம் காட்டும். உள்ளே உரம் போய்விட்டது என்று அர்த்தம். பாய் பார்த்தால் திட்டுவார் என்று உப்புத்தாள் போட்டு, நீலம் போகிறவரை தேய்த்து, மேலே சந்தனமும் பூசிவிட்டேன். முன்னைவிடப் பளபளவென்று இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, அடுத்த லோடு வருவதற்கு முன்பே ஜீப் வந்தது. ஓர் அதிகாரி, இந்திக்காரர், மடிப்புக் கலையாத சட்டை. கூட ஒரு மெக்கானிக், செல்லையா என்று பெயர், விருதுநகர் பக்கம். இதே ஜாதி விமானங்களில் சில இன்னும் பறந்துகொண்டிருந்தனவாம். ஒன்றின் சிலிண்டர் போய்விட்டது. மாற்று எங்கும் கிடைக்கவில்லை. அதைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கம்பெனி இருந்த நாடே துண்டு துண்டாகிவிட்டதாம். "நம்ம வேலைய எவனோ நாட்டுக்கே பண்ணிட்டு கீறான்" என்றான் டில்லி. கடைசியில், நாமே காயலானுக்குப் போட்டோமே என்று ஞாபகம் வந்து கிளம்பியிருக்கிறார்கள்.

அதிகாரி மேடையைப் பார்த்ததும் முதலில் கோபப்பட்டார். ஏலத்தில் என்ன நிபந்தனை, இது ஏன் முழுசாக இருக்கிறது என்று பாயிடம் இந்தியில் குதித்தார். பிறகு கழுத்து நம்பரைப் படித்தார். முகம் மாறியது. இது முழுசாக இருந்ததே கடவுள் செயல் என்று அதே வாய் சொன்னது. பாயும் உருதுவில் தேனாக ஊற்றி, டீ குடித்துக்கொண்டே பேசலாம் என்று ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போனார். போகிறபோது என்னிடம், "நைனா, பொட்டெல்லாம் தொடச்சி, சாக்குல கட்டி ஜீப்புல வெய்யி" என்றார்.

செல்லையா உள்ளே போகவில்லை. என் பக்கத்தில் இரும்புக் குவியல் மேல் உட்கார்ந்து, பொட்டலம் பிரித்துக் காராசேவு நீட்டினார்.

"இத மாட்டிட்டா எனக்கு லீவு, தம்பி. சின்னவளுக்குக் காதுகுத்து. பிளேன் கெளம்புனாத்தான் விடுவேன்னு ஆபீசர் சொல்லிட்டாரு."

"டெஸ்டு பண்ணுவீங்களா சார்?" நான் கேட்ட நீளமான கேள்வி அதுதான்.

"விரிசல் பாக்குற மிஷின் இருக்கு. அதுக்கும் பார்ட்டு வரணும்." சிரித்தார். "மாட்டுனவனே மொதல்ல ஏறணும். அதான் எங்க டெஸ்டு."

கையிலிருந்த காராசேவைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தேன். என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ்ஸில் 'கொஞ்சம் வழி விடுங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, பாரிமுனை வரை போய் நடந்தே திரும்பியவன் நான். சொல்லிவிடலாம் என்று ஆபீஸ் வாசலுக்குப் போனேன். "பாய்" என்றேன். "இன்னாடா?" என்றார். அதிகாரியும் திரும்பினார். "டீக்குச் சக்கர போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போனேன். "இன்னாடா பேஜாரு?" என்றார். "பிஸ்கோத்து?" என்றேன். திரும்பி வந்தபோது செல்லையா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சிலிண்டர் சாக்கின் மேல், சந்தனம் போய், பச்சைப் பிள்ளை மாதிரி கிடந்தது. வாய் செய்யாததைக் கை செய்தது. கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தேன்.

டில்லிதான் முதலில் பார்த்தான். "மாமு! இன்னாத்துக்கு மாப்ளய அறுக்கிற? லூசாய்ட்டியா?" பாய் செருப்பில்லாமல் ஓடிவந்தார். பின்னால் டீ கிளாஸோடு அதிகாரி. அதற்குள் ஒரு முனை துண்டாகி விழுந்துவிட்டது.

"பேமானி! சோறு போடற எடத்துலயே கொள்ளி வெச்சிட்டியேடா!" பாய் கை ஓங்கினார்.

நான் செல்லையாவை மட்டும் பார்த்தேன். "சூடு பட்டுது சார். முன்னாடியே. நடுவுல. கடப்பாரை நிமித்தினேன். நீலத்த நான்தான் தேச்சிட்டேன்."

செல்லையா ஜீப்பிலிருந்து அரம் எடுத்து வந்து, அறுபடாத முனையில் ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணாடியில் போவதுபோல் வழுக்கியது. நடு முதுகில் இழுத்தார். உரம் போன இரும்பில் பல் பதிந்து தூள் உதிர்ந்தது. விரலில் அந்தத் தூளை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் இந்தியில் மெதுவாக ஏதோ சொன்னார். அதிகாரி டீயைக் கீழே வைத்தார். சத்தம் போடுவார் என்று பார்த்தேன். அவர் ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்து ஏதோ எழுதி, பாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"என்னா எழுதறாரு?" என்றான் டில்லி.

"கடைய சோதனை போட வந்தோம், எல்லாத்தையும் நிபந்தனைப்படி வெட்டியிருக்காங்கன்னு எழுதறாரு" என்றார் செல்லையா. முகத்தில் சிரிப்பில்லை. ஜீப்பில் ஏறும்போது என் தோளைப் பிடித்தார். "லீவு போச்சு, தம்பி. போவட்டும். காது எங்கயும் ஓடிராது."

பாய் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரு மாதம் பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு விமான லோடு வரவே இல்லை. மாப்பிள்ளையை அறுத்ததுதான் காரணம் என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏலமெல்லாம் வடக்கே பெரிய கைகளுக்குப் போய்விட்டது என்று டில்லி சொன்னதை அவர் நம்பவில்லை. எனக்கும் பாய் சொன்ன காரணம்தான் கொஞ்சம் கௌரவமாகப் பட்டது.

இப்போது அந்த இடத்தில் ஐந்து மாடி. செங்கல் மேடை இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். டில்லி எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். செல்லையா எங்கே என்று தெரியாது. சின்னவள் காது நிச்சயம் குத்தியாகியிருக்கும்.

போன வாரம் மகளின் சான்றிதழ் ஒன்றைக் கொடுக்க மறுபடி அந்தக் கல்லூரிக்குப் போனேன். அதே வாட்ச்மேன். கேட்டுவிடுவது என்று வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு போயிருந்தேன்.

"அந்தக் கால்ல ஒரு சிலிண்டர் இருந்திருக்குமே?"

"அதுவா? லீவு நாள்ல ஜீப்புல வந்து கயிட்டினு பூட்டாங்கோ. லெட்டர்லாம் காட்டினாங்கோ. இதே மாரி பிளேனு இன்னும் பறக்குதாம்பா! ஏன், உன்துதா?"

"எப்படிக் கழட்டினாங்க?"

"போல்ட்டு துருப்புட்ச்சி கெடந்துச்சா, ஸ்பானருக்கு அசையல. அப்பால நம்ம வெல்டர் கேஸ் கொண்டாந்து நல்லா சூடு காட்டினான். அப்புறம் வந்துச்சி. கலீஜாயிடுச்சேன்னு அவனே தேச்சி, பளபளன்னு ஆக்கிக் குட்த்தான்."

நான் குனிந்து அந்த ஜி.ஐ. பைப்பை மறுபடி பார்த்தேன். அறுக்க என் கையில் டார்ச் இல்லை. அறுக்க வேண்டிய சாமானும் அங்கே இல்லை. எந்த ஊரில் எந்த மெக்கானிக் அதை மாட்டிவிட்டு, முதலில் ஏறப்போகிறாரோ, எந்தக் காதுகுத்துக்கு லீவு கேட்டிருக்கிறாரோ.

அந்த லெட்டரின் நகல் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறதாம். முகவரியை எடுத்துத் தருகிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். இதில் ஒரு படி அந்தப் பட்டாளத்துக்காரர்களுக்கு, ஒரு படி படிக்கிற உங்களுக்கு. கையெழுத்து மோசம்தான். 'சூடு பட்டது' என்கிற இரண்டு வார்த்தையை மட்டும் அச்சு மாதிரி எழுதியிருக்கிறேன்.

ஆவணி 12, வெள்ளிக்கிழமை.