நாய்க்குக் கொடுத்த சஹர்

கல்முனையில் என் மூத்த சகோதரியான ராத்தாவின் வீட்டில் ஒரு நாய் இருப்பது தெருவுக்கே தெரியும். அது மூச்சு விடுவது அடுத்த வீட்டு வளவு வரைக்கும் கேட்கும். சப்பை மூக்கு, பிதுங்கிய கண், சுருக்கம் விழுந்த நெற்றி. பக் என்ற சாதி. ராத்தாவின் மகன் கொழும்பில் வேலை பார்த்தபோது வளர்த்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று சொல்லி உம்மாவிடம் விட்டுப்போனான். சப்பை மூக்கு நாய்களை ஏற்ற விமானக் கம்பனிகள் பயப்படுகின்றன என்பது அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ராத்தாவின் கணவர், என் மச்சான், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், என்பது எங்கள் மத்ஹபின் மார்க்கச் சட்டம். அதற்காகக் குழாயடியில் ஒரு வாளி மண் வைத்தார். நாய்க்கு வீட்டுக்குள் இடமில்லை என்றும் தீர்ப்புச் சொன்னார். வாகனம் நிறுத்தும் கறாஜில் கட்டினார்கள். வெயில் காலத்தின் அனல் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் தகரக் கூரைக்குக் கீழே நாய் நாக்கு நீலம் பாரித்து விழுந்தது. ஆகவே கறாஜுக்கு ஏசி பூட்டினார்கள். மச்சான் படுக்கும் அறையில் இன்றைக்கும் மின்விசிறிதான்.

ஏசியும் நெடுநாள் உதவவில்லை. கண்டியில் ஒரு மிருக வைத்தியர் இதற்கு ஒபரேசன் செய்வதாக மகன் விசாரித்துச் சொன்னான். மூக்குத் துவாரங்களை அகலமாக்கி, தொண்டைக்குள் தொங்கும் மென்சதையை வெட்டிக் குறைப்பார்கள். செய்யாவிட்டால் அடுத்த வெயிலை நாய் தாண்டாது. கிடைத்த நாள் நோன்புக்குள் வந்தது.

"மூக்குக்கு ஒபரேசனா? மனிசனுக்கே இல்லாத சொகுசு" என்றார் மச்சான்.

"மனிசனுக்கு மூக்கு மூக்காக் கிடக்கு. இதுக்கு எங்க கிடக்கு?" என்றாள் ராத்தா. "நீங்க வரத் தேவல்ல. தம்பி கூட்டிப் போவான்."

ஆனால் அவரும் புறப்பட்டார். ஒரு பெண் அவ்வளவு தூரம் ஆண் துணையில்லாமல் போகக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் சட்டத்துக்குச் சொந்தத் தம்பியே போதும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

நாய்க்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திவிட வேண்டும், பிறகு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று வைத்தியர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நாங்கள் மூவரும் விடியுமுன் சஹர் சாப்பிட்டு, நோன்பு பிடித்து, சுபஹு தொழுதுவிட்டு வேனில் ஏறினோம். ராத்தா நாயோடு பின்னால் இருந்தாள். முன் இருக்கையில் இருந்த மச்சான், மகியங்கனை தாண்டி மலை ஏறும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வைத்தியர் ஓர் இளம் பெண். நாயின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "கடைசியா எப்ப சாப்பிட்டது?" என்றார்.

"நேத்து ராவு, மஃரிபுக்குப் பொறகு, டொக்டர்" என்றாள் ராத்தா. "அதோட ஒரு பருக்கையும் குடுக்கல்ல."

வைத்தியர் மயக்க மருந்தை ஊசியில் ஏற்றத் தொடங்கினார். மச்சான் சுவரில் இருந்த பூனைப் படத்தை ஆராய்ந்துகொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் நில்லுங்க டொக்டர். சஹர் சாப்பிட்டது."

"யாரு?"

"நாய்."

ராத்தா திரும்பினாள். "ஆரு குடுத்த?"

"நான்தான். நாம தின்னக்குள்ள கறாஜ் ஜன்னலால பாத்துக்கிட்டு நிக்குது. நாம வயிறு முட்டத் தின்னுபோட்டு, அத மட்டும் வெறும் வயித்தோட கூட்டிப் போறதா? பகல் முழுக்க எப்படித் தாங்கும்?"

"என்ன குடுத்த?"

"கொஞ்சம் சோறு." ராத்தா பார்த்துக்கொண்டே நின்றாள். "தயிரும். வாழைப்பழம் ஒண்டு." இன்னும் பார்த்தாள். "ரெண்டு."

வைத்தியர் சிரிக்கவில்லை. ஊசியை வைத்துவிட்டார். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், இந்த மாதிரி நாய்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம் என்று விளக்கினார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா உயிரோட திருப்பித் தந்திருப்பேனோ தெரியாது, சேர்."

மச்சான் தலையை ஆட்டினார். பாடசாலையில் பிழை பிடிபட்ட பிள்ளைகள் அவருக்கு முன்னால் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

"இத்தன நாளா ஒரு தரமாவது அதத் தொட்டிருக்கீங்களா?" என்றாள் ராத்தா.

"இப்பவும் தொடல்ல. பீங்கான்ல போட்டு வெச்சன்."

"எந்தப் பீங்கான்ல?"

மச்சான் மறுபடியும் பூனைப் படத்தின் பக்கம் திரும்பினார்.

ஒபரேசன் அடுத்த நாள் காலைக்குத் தள்ளிப்போனது. நாயை அங்கேயே விட்டுவிட்டு ஒரு விடுதியில் தங்கினோம். சஹருக்கு ராத்தா சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். மச்சான் பசியில்லை என்று பால் போடாத பிளேன்டீ மட்டும் குடித்தார். அந்நேரம் நாயும் அங்கே வெறும் வயிற்றோடுதான் கிடந்தது.

ஒபரேசன் முடிந்ததும் மயக்கம் தெளியும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். ராத்தா உள்ளே போய் இருந்தாள். மச்சான் வாசலில் நின்றார்.

"மூச்சு போகுதா?"

"ஓம், போகுது."

சற்று நேரத்தில் மறுபடியும், "சத்தம் ஒண்டும் கேக்கல்லயே புள்ள?"

"சத்தம் இல்லாமப் போறதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்த!"

ஊருக்குத் திரும்பிய பிறகு நோன்பு இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகைக்கு நானும் அவரோடு போனேன். தொழுது முடிந்து எழும்பும்போது நிர்வாகத்தில் உள்ள பெரியவர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அதிபர், ரெண்டு நாளாக் காணல்ல?"

"கண்டிக்குப் போன. ஒரு ஒபரேசன்."

"யா அல்லாஹ்! ஆருக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

"வீட்டில ஒராளுக்கு" என்றார்.

"இப்ப எப்படி?"

"அல்ஹம்துலில்லாஹ். மூச்சு நல்லாப் போகுது."

பெரியவர் அங்கேயே இரண்டு கைகளையும் உயர்த்தி, நோயாளிக்குப் பூரண சுகத்தையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கும்படி இறைவனிடம் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆமீன் என்ற குரல்களில் மச்சானுடையதுதான் உரக்கக் கேட்டது.