நாலாவது பட்டன்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடக்கத்துக்கும் எனக்கும் அறிமுகமே கிடையாது. சிலருக்குத் தங்கள் முட்டாள்தனம் ஒரே நாளில் பொட்டென்று தெரிந்துவிடும். எனக்கு அது தவணை முறையில்தான் தெரிய வந்தது. கடைசித் தவணை போன வாரம் வந்து சேர்ந்தது. அத்தனைக்கும் சாட்சியாக ஒரு சட்டை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வெளிர்நீலக் கைத்தறி, கொட்டாங்குச்சியில் செய்த ஏழு பட்டன்கள். ஆறு பட்டன்களை வெள்ளை நூல் பிடித்திருக்கிறது. மேலிருந்து நாலாவது பட்டனை மட்டும் சிவப்பு நூல். வெள்ளைவேட்டிக் கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருக்கும். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

துணி விற்பதற்கு முன்னால் நான் பல தொழில்கள் பார்த்து, எல்லாவற்றையும் நல்லபடியாக அடக்கம் செய்தவன். மரக்காணத்தில், சுற்றிலும் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடக்கிற ஊரில், பாக்கெட் உப்புக்கு ஏஜென்சி எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதெல்லாம் போய்க் கடைசியில் கையால் தைத்த சட்டை, குர்தா என்று சீசனுக்கு சீசன் கிளம்பினேன். ஆடியில் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் கூட்டம், மாசி மகத்துக்குக் கடற்கரை, மார்கழி தை மாதங்களில் புதுச்சேரியில் போடுகிற கைவினைச் சந்தை. மொபெட்டின் பின்னால் மூட்டையைக் கட்டினால் நான் முன்னால் இருப்பதே தெரியாது. துணியை வெட்டுவது நான். தைப்பது அக்கா. வாயால் விற்பது மறுபடியும் நான்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. உப்பளத்தை ஒட்டிய தெருவில் தனியாக இருந்தார். மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். இருபது வருடம் பாத்தியில் நின்று உப்பு வாரியவர். முட்டி வலி வந்த பிறகு அதை விட்டுவிட்டுத் தையலில் உட்கார்ந்தார். பாத்தியில் நின்று வேலை செய்தவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும்: மேலே ஒரு வெயில், உப்பிலிருந்து எழும்பி வருவது இன்னொரு வெயில். இரண்டுக்கும் நடுவில் நின்று பழகிய கண் எப்போதும் சுருங்கியே இருக்கும். அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான் பார்ப்பார். “என்னக்கா, சூரியனை உள்ள கூட்டிட்டு வந்துட்டியா?” என்று நான் கேட்பேன். அக்கா சிரிப்பார். சிரித்தார் என்பதால் அது நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய தையல் மிஷினில், ஊசிக்குப் பக்கத்துத் தகட்டில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை நீளமாக ஒரு கோடு போல ஒட்டியிருப்பார். துணியின் ஓரத்தை அதன்மேல் அணைத்தபடி தள்ளினால் தையல் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும். மிஷினில் நூல் தீர்ந்தால் புதுக்கண்டின் நுனியைப் பழைய நூலோடு முடிந்து இழுத்துவிடுவார். ஊசியில் கோர்க்கிற வேலையே இல்லை. பட்டன் நுழைகிற காஜா மட்டும் கடைத்தெருவில் ஒருவரிடம் போட்டு வாங்குவோம். பட்டன் வைப்பது அக்காவின் கை. நாலு சுற்றுச் சுற்றி, அடியில் ஒரு முடிச்சு போட்டு இழுப்பார். “சட்டை கிழிஞ்சாலும் என் பட்டன் போவாது” என்பார். உண்மைதான்.

நான் போகும்போதெல்லாம் அவர் எனக்கு ஒரு வேலை வைப்பார். “ஏம்பா, வந்தவன் சும்மா நின்னு பேசாத. அந்தக் கூடையில நூலு இருக்குது, பத்து ஊசிக்குக் கோத்து வெச்சிட்டுப் பேசு.” நான் பேசிக்கொண்டே கோர்த்து, அவர் பக்கத்தில் இருக்கும் சின்னத் தலையணையில் குத்தி வைப்பேன். கூடையில் வெள்ளை நூலும் கிடக்கும், தெருப் பெண்களின் ரவிக்கைக்கு வாங்கி மிஞ்சிய கலர் நூல்களும் கிடக்கும். கைக்கு வந்ததை எடுப்பேன். ஒரு முதலாளியை வேலை வாங்குகிற அந்தத் தெனாவட்டை ரசித்துக்கொண்டேனே தவிர, இத்தனை வருடமாக ஊசி பிடித்தவருக்கு ஊசியில் நூல் கோர்க்க ஆள் எதற்கு என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒரு ஆடி மாதச் சரக்கில்தான் முதல் சிவப்பு வந்தது. கீழ்புத்துப்பட்டில் கடை விரித்து உதறும்போது பார்த்தேன். ஒரு சட்டையில் ஐந்தாவது பட்டனில் சிவப்பு நூல். வேறொன்றில் இரண்டாவது பட்டன் பச்சை. எனக்குத் திக்கென்றது; சரக்கு போச்சு என்று நினைத்தேன். ஆனால் சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் அந்தச் சிவப்பு நூல் சட்டையைத்தான் எடுத்தான். “அண்ணே, செம டிசைன்ணே” என்றான். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது: “கையால செஞ்சதுன்னா ஒரு அடையாளம் வேணாமா தம்பி? ஒவ்வொரு சட்டையிலயும் ஒரு பட்டன் மட்டும் தனியா நிக்கும். எங்கக்கா கையெழுத்து அது.” சாயங்காலத்துக்குள் கலர் பட்டன் சட்டைகள் எல்லாம் போய்விட்டன. ஒழுங்காக இருந்தவைதான் திரும்பி வந்தன.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அக்கா, உன் பட்டனைப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு!” அவர் முகம் மலர்ந்தது. நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவதைத்தான் பாராட்டுகிறேன் என்று அவர் நினைத்தார். இவருக்குள் இப்படி ஒரு கலைஞர் ஒளிந்திருக்கிறாரே என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மனதாரச் சிரித்துக்கொண்டோம்.

மழைக்காலத்தில் அவருக்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி வந்தது. வெட்டி மிஞ்சிய துணியை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்தார். “நம்ம புது சரக்கா இது? நல்லா இருக்குது, இதையும் விக்கலாமே” என்றேன். வேலை ஒருநாள் தள்ளிப்போனால் எனக்கு ஒரு வழக்கமான கிண்டல் உண்டு: “லேட் பண்ணா துணியெல்லாம் கிளியனூர் டெய்லருக்குப் போயிடும் பாத்துக்க.” கிளியனூரில் எனக்கு எந்த டெய்லரையும் தெரியாது. வாய்க்கு வந்த ஊர் அது.

தை மாதச் சந்தைக்கு அந்த வருடம் ஒரு நிபந்தனை வைத்தார்கள். செய்கிறவரே கடையில் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும். அக்கா முடியாது என்றார். பஸ்ஸில் வந்தால் வாந்தி வரும் என்றார்; வீட்டில் ஆள் இல்லை என்றார்; கூட்டம் பிடிக்காது என்றார். நான் விடவில்லை. புதுச்சேரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டுபோய், வெள்ளையும் கலருமாகப் பத்து ஊசிகளை நானே கோர்த்துத் தலையணையில் குத்தி, நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

மதியம் நல்ல கூட்டம். அக்கா கூட்டத்தைப் பார்த்தபடியே பட்டனை எடுப்பார், விரலால் துளையைத் தடவுவார், ஊசியை இறக்குவார். கை ஓடுகிற வேகத்தைப் பார்த்து ஜனங்கள் அசந்து நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்துக்குங்க! குனிஞ்சுகூடப் பாக்க மாட்டாங்க! கண்ணை மூடிக்கிட்டே தைப்பாங்க எங்கக்கா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆம், இதே வார்த்தைகள். கூட்டம் கைதட்டியது.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா இந்த வெளிர்நீலச் சட்டையைக் கையில் எடுத்தார். “நாலாவது பட்டன் மட்டும் சிவப்பு, ரொம்ப அழகா இருக்குங்க. எனக்கு இதே மாதிரி பச்சையில ஒண்ணு வெச்சுக் கொடுப்பீங்களா?” என்று அக்காவிடமே கேட்டார்.

அக்காவின் கை நின்றது. “எந்த பட்டன் சிவப்பு?” என்றார்.

“அக்கா ஜோக் அடிக்கிறாங்க மேடம்” என்று நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். திருப்பினாரே தவிர, பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது. “ஏம்பா,” என்றார் மெதுவாக, “சிவப்பாவா இருக்குது?”

சந்தையின் சத்தம் முழுவதையும் யாரோ சட்டென்று மூடி வைத்தது போலிருந்தது. பிளாஸ்டர் கோடு, முடிந்து இழுக்கிற நூல், பத்து ஊசி, நெற்றிக்கட்டு, பஸ்ஸில் வாந்தி என்று இத்தனை மாதம் என் மூக்குக்கு முன்னால் கிடந்தவை ஒன்றாக எழுந்து வந்து அறைந்தன.

அக்கா கலங்கவில்லை. தலையணையை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். “பச்சை எதுன்னு நீங்களே எடுத்துக் குடுங்கம்மா.” அவரும் இது ஏதோ ஒரு விளையாட்டு என்று நினைத்து ஊசியை எடுத்துக் கொடுத்தார். இன்னொரு சட்டையில் நாலு சுற்று, ஒரு முடிச்சு. அந்த அம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். நான் வெளிர்நீலச் சட்டையைச் சுருட்டி என் பைக்குள் திணித்தேன்.

“எத்தினி நாளாக்கா?”

“மெதுவாப் பேசு. ஜனம் பாக்குது. இடது கண்ணு சுத்தமாத் தெரியல. வலதுல ஆளு நெழலாத் தெரியுது. போன வெயிலுக்கே ஆரம்பிச்சிருச்சு.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா துணியெல்லாம் கிளியனூருக்குப் போயிடும்னு நீதானே சொன்னே.”

“அய்யோ, அது சும்மா தமாஷுக்குக்கா!”

“எனக்கு எப்படித் தெரியும்? நீ எல்லாத்தையும் ஒரே கொரல்லதானே சொல்றே.”

மறுநாள் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணை ஆபரேஷன் செய்து மீட்டுவிடலாம். இடது கண்ணில் புரை முற்றி, கண்ணின் அழுத்தம் ஏறி, நரம்பு போய்விட்டது. இனி அது திரும்பாது. “தலைவலி வந்திருக்குமே? ஒரு ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா...” என்று நிறுத்திவிட்டார். யார் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினாலும் அதை ஒரு கிண்டலால் முடித்து வைப்பது என் குணம். அந்த வாக்கியம் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆடி. ஆடியில் நான் கீழ்புத்துப்பட்டில் நின்று, ஒரு கண் அவிந்துகொண்டிருந்ததை, எங்கக்கா கையெழுத்து என்று கூவி விற்றுக்கொண்டிருந்தேன். அதிலும் மோசம் ஒன்று உண்டு. நன்றாக விற்கிறது என்பதால், இன்னும் நிறைய அப்படிச் செய்யும்படி அவரைத் தட்டிக்கொடுத்திருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒற்றைக் கண்ணானாலும் அக்காவுக்கு இப்போது பார்வை தெளிவு. பிளாஸ்டரைப் பிய்த்துப் போட்டுவிட்டார். ஊசிகளை அவரே கோர்த்துக்கொள்கிறார்; கூடைப் பக்கம் என்னை விடுவதில்லை. தைத்து முடித்த சட்டையை வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பட்டனாகப் பார்த்த பிறகுதான் மடிக்கிறார். ஏழும் வெள்ளை. சந்தையில் இப்போது மற்ற கடைக்காரர்கள் கலர் பட்டன் சட்டை விற்கிறார்கள். அதற்கு அவர்களும் ஏதோ கதை சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் போகிறேன். நானும் இப்போது கடையில் குறைவாகத்தான் பேசுகிறேன். வியாபாரமும் குறைவு. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் கதவைச் சாத்தும்போதெல்லாம் அந்தச் சிவப்பு கண்ணில் படுகிறது. போன வாரம் பொறுக்க முடியாமல் சட்டையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கி நாலாவது பட்டனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விற்றுப்போன எதையும் அவர் பார்த்ததில்லை; அந்தச் சிவப்பை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரலால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“கண்ணு தெரியாம நீ தப்பா வெச்சதுதானேக்கா, போனா போவுது,” என்று பெருந்தன்மையோடு கத்தரிக்கோலை நீட்டினேன். “இதை அவுத்துட்டு வெள்ளையில வெச்சிடு.”

அக்கா கத்தரிக்கோலை வாங்கவில்லை. சட்டையை மடித்து என் மடியில் வைத்தார்.

“வெச்சது நானு, கோத்தது நீ.”