அல்ஹம்துலில்லாஹ்வுக்கு ஐந்து புள்ளி

கல்முனையில் ஒரு பெரிய பிடவைக் கடையில் நான் முகாமையாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. அங்கே நிற்கும் பதினெட்டுப் பெண்களில் எவரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. விற்கிற ஆள் உட்கார்ந்திருந்தால் கடைக்குப் பரக்கத் இல்லை, விருத்தி வராது என்பது முதலாளியின் கொள்கை. அவருக்கு மட்டும் ஒரு சுழல் கதிரை இருந்தது. அவர் அதில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் பரக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிறுவர் உடுப்புப் பகுதியில் ஒரு பெண் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தார். எல்லோரிலும் மூத்தவர் என்பதால் எங்கள் அனைவருக்கும் அவர் ராத்தா. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்து, பின்னேரமானால் கால் வீங்கிச் செருப்புக்குள் போகாது. நோன்புக்கு முந்திய மாதம் என்னிடம் வந்தார்.

“தம்பி, நிக்க ஏலாமக் கிடக்கு. அந்த மூலைக்குள்ள ஒரு கதிரை போட்டுத் தாங்களன். ஆளில்லாத நேரம் மட்டும் இருந்துக்கிறன்.”

“ஓம் ராத்தா, முதலாளியோட கதைக்கிறன்” என்றேன்.

கதைக்கவில்லை. பயம். முதலாளி ஒரு தடவை முறைத்தால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காத ஆள் நான்.

அந்தச் சமயத்தில் முதலாளி கொழும்பில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். போகும்போது ஒழுங்காகத்தான் போனார். வரும்போது தலைமைத்துவம், ஈடுபாடு, உந்துசக்தி என்று வாய் ஓயவில்லை. அவர் பின்னாலேயே ஒரு பயிற்றுநரும் வந்து இறங்கினார். இந்த வெக்கையில் கோட்டும் கழுத்துப்பட்டியும். கடை பூட்டும் வெள்ளிக்கிழமைகளில் என்னையும், கணக்கும் களஞ்சியமும் பார்க்கும் மற்ற இரண்டு முகாமையாளர்களையும் இருத்தி வைத்து ‘வளர்த்தெடுத்தார்’.

சுவரில் ஒரு கூம்பகப் படத்தைக் காட்டினார். மனிதனின் தேவைகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. அடித்தட்டில் உணவு, உறக்கம், உடம்புக்கு ஓய்வு. உச்சியில் தன்னை முழுமையாக்கிக்கொள்வது. “உங்கள் ஊழியர்களுக்கு அடித்தட்டு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மின்விசிறி இருக்கிறது, தேநீர் இருக்கிறது. இனி அவர்களை மேலே ஏற்றுவதுதான் உங்கள் வேலை” என்றார். அதுவரை எங்கள் கடையில் ஒரு பெண்ணோடுகூட அவர் பேசியிருக்கவில்லை. நான் பணிவாகத் தலையாட்டி, அழகான கையெழுத்தில் குறிப்பெடுத்தேன்.

வீட்டுப்பாடமும் தந்தார். ஒவ்வொருவரிடமும் ‘வேலை எப்படி இருக்கிறது’ என்று கேட்டு, படிவத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட வேண்டும். கேட்டேன். பாண்டிருப்பிலிருந்து வரும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ‘பரவாயில்ல சேர்’ என்றார்கள். அவர்களுக்கு நான்கு. மற்றப் பதினாறு முஸ்லிம் பெண்களும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார்கள். ஐந்து, ஐந்து, ஐந்து என்று போட்டுக்கொண்டே போனேன். ராத்தா உடுப்புத் தட்டில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்தபடிதான் அதைச் சொன்னார். அவருக்கும் ஐந்து.

எங்கள் ஊரில் காய்ச்சலில் கிடப்பவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். வீட்டுக்குள் வெள்ளம் வந்தவனும் அதைத்தான் சொல்வான். ‘எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே’ என்று, அவனைக் குறை சொல்லாத மரியாதை அது. முதலாளிக்குக் கொடுக்கும் நற்சான்றிதழாக யாரும் அதைச் சொல்வதில்லை. பயிற்றுநருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரியும்.

படிவங்களைப் பார்த்துப் பயிற்றுநர் பூரித்துப்போனார். இப்படியொரு கடையைத் தான் எங்குமே கண்டதில்லையாம். இனித் தேவை அங்கீகாரம் மட்டும்தான் என்று ‘மாத நட்சத்திரம்’ என ஒன்றைத் தொடக்கிவைத்தார். முதல் நட்சத்திரம் ராத்தா. அவர் தன் படத்தைச் சுவரில் மாட்டச் சம்மதிக்கவில்லை என்பதால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூவை அச்சடித்து மாட்டினார்கள். வெள்ளாமை வெட்டு முடிந்து சவளக்கடை ஊரிலிருந்து உடுப்பெடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வாசனைச் சென்ற் எந்தப் பக்கம் விற்கிறது என்று கேட்டார்கள்.

விருது விழாவுக்கு முப்பது கதிரை வாடகைக்கு எடுத்தோம். எல்லாவற்றிலும் ஊர்ப் பிரமுகர்கள். ஊழியர்கள் பின்னால் நின்றார்கள். ராத்தாவின் கையில் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, பயிற்றுநர் ஒலிவாங்கியை நீட்டினார்.

“உங்கள் ஆசை என்ன? மனம் திறந்து சொல்லுங்கள்.”

ராத்தா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒரு கதிரை தந்தாப் போதும், சேர்.”

பயிற்றுநர் துள்ளிக் குதித்தார். “கேட்டீர்களா? பதவி கேட்கிறார்! கூம்பகத்தின் உச்சிக்கே வந்துவிட்டார்!” தேர்தல் மேடைகளில் சொல்கிற பதவிக் கதிரை ஒன்றுதான் அந்த மனிதருக்குத் தெரியும். பிரமுகர்கள் கை தட்டினார்கள். முதலாளி கை தட்டினார். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த கிழமை ராத்தாவைப் பகுதித் தலைவியாக்கினார்கள். நெஞ்சில் குத்த ஒரு பெயர்ப்பட்டி கொடுத்தார்கள். இனி அவர் இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கி மற்றவர்களை ஊக்குவிக்க வேண்டும். சாய்ந்து நிற்க இருந்த உடுப்புத் தட்டும் வேறொருத்திக்குப் போனது. ஒருநாள் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னை நிறுத்தினார்.

“தம்பி, நான் எந்தக் கதிரையக் கேட்ட எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம் ராத்தா.”

“மறுகா ஏன் நீங்களும் கை தட்டினீங்க?”

ஃபோன் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். ஃபோன் அடிக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ராத்தா வேலைக்கு வரவில்லை. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விலகுவதற்கும் பயிற்றுநர் ஒரு படிவம் தயாரித்திருந்தார். காரணம் என்று நான்கு கட்டங்கள்: திருமணம், வெளிநாடு, வேறு வேலை, ஊக்கமின்மை. காலுக்குக் கட்டம் இல்லை.

“ஊக்கமில்ல எண்டே போடுங்க. தலைவியாக்கியும் பாத்தாச்சே” என்றார் முதலாளி, கதிரையைச் சுழற்றாமலே.

போட்டேன். ஒப்பம் வைக்க ராத்தா கடைக்கு வந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. தாளைக் கொஞ்ச நேரம் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

“இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?”

“கால் வருத்தம் எண்டு எழுதியிருக்கன், ராத்தா.”

“நல்லது தம்பி. நீங்களாவது எழுதினீங்களே” என்று சொல்லி, நின்றபடியே ஒப்பம் வைத்தார்.